குடத்தில் ஒரு மெரூன் திட்டு

டீ நன்றாக இருந்தது, மேடம். போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு டீ கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். படத்துக்கு மட்டும்தான் ஆகாது. உண்மையான டீயில் கொஞ்ச நேரத்திலேயே ஆடை கட்டிவிடும். ஆன்லைன் கடைகளில் டம்ளர் விற்கிறார்களே, அந்தப் படத்தில் டீயிலிருந்து ஆவி பறக்கிறதே, அது டீயின் ஆவியே இல்லை. ஈரப் பஞ்சைச் சூடாக்கி டம்ளருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்போம். பார்க்கிறவருக்குச் சூடாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நிதானமாகச் சொல்லலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

என் பெயர் நாகராசு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஸ்டூடியோ. முதலில் கல்யாணப் படங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனா வந்தது, கல்யாணங்கள் சுருங்கின, நான் பொருள்களுக்கு மாறினேன். பொருள்கள் கல்யாண வீட்டாரைப் போல இல்லை. கண் மூடாது, சாப்பிடப் போகாது, சித்தப்பாவை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வராது. எனக்குப் பிடித்துப் போனது.

இதில் இரண்டு வகை உண்டு. வெள்ளைப் பின்னணியில் பொருளை மட்டும் எடுப்பது ஒன்று. அதை யாரும் செய்யலாம். இன்னொன்று லைஃப்ஸ்டைல். பொருளை ஒரு வாழ்க்கைக்குள் வைத்து எடுப்பது. தலையணை உறை என்றால் யாரோ இப்போதுதான் எழுந்து போன கட்டில் வேண்டும். யோகா பாய் என்றால் மலை வேண்டும். நார்த்தாமலைப் பாறையில் ஒரு முறை யோகா பாய் எடுத்தோம். காற்று பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு ஓடிய ஷர்லியைத்தான் கடைசியில் படம் எடுத்தேன். கடைக்காரருக்கு அந்தப் படம்தான் பிடித்தது.

ஷர்லியை உங்களுக்குத் தெரியும். என்னிடம் பொருள்களை அடுக்கும் வேலை அவளுக்கு. பூவை எங்கே வைப்பது, துணியை எப்படிக் கசக்கினால் கசங்காத மாதிரி இருக்கும், எல்லாம் அவள் கை. வாய் கொஞ்சம் அதிகம். பித்தளை எடுக்கும்போதெல்லாம் சொல்வாள்:

“அண்ணே, கொடம் தெரியல. ஒங்க மூக்குதான் தெரியுது. மூக்கு விக்கிற கடைக்கா எடுக்குறோம்?”

பித்தளை கண்ணாடி மாதிரி, மேடம். எதிரே நிற்பது, பக்கத்தில் நிற்பது, எல்லாவற்றையும் வளைத்துத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். அதனால் நான் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றுதான் எடுப்பேன். வெள்ளைப் பின்னணிப் படமாக இருந்தால் மிச்சம் தெரிவதையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவேன். லைஃப்ஸ்டைல் படத்தில் துடைக்க மாட்டேன். அது என் கொள்கை. குடத்துக்குள் வீடு தெரிய வேண்டும். தூணும் வெளிச்சமும் வளைந்து தெரிந்தால்தான், இந்தக் குடம் ஒரு வீட்டில் இருக்கிறது என்று பார்க்கிறவர் மனசு நம்பும். சென்னையில் உள்ள அந்தப் பித்தளைக் கடை என்னைத் தேடி வந்ததே இதனால்தான்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு இல்லாமல் எதுவும் புரியாது.

திருமயத்துக்குத் தெற்கே உள்ள அந்த வீட்டை நீங்கள் இப்போது நாலைந்து முறை பார்த்துவிட்டீர்கள். ஆனால் நீங்கள் போனதெல்லாம் காலையில். காலையில் அது வெறும் பெரிய வீடு. பிற்பகலில் பார்க்க வேண்டும். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதை வளவு என்பார்கள். சுற்றிலும் தேக்குத் தூண்கள். மேற்கு ஓட்டுச் சரிவைத் தாண்டி வெயில் சாய்வாக இறங்கி, எதிர்த் தூண்களின் காலடியில் வந்து உட்காரும். தேன் நிறம். சிறிது நேரம்தான். பிறகு தூணில் ஏறி, மேலே போய், இல்லாமல் ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் பிளாஸ்டிக் வாளியை வைத்தாலும் பரம்பரைச் சொத்து மாதிரி தெரியும். அறந்தாங்கியில் ஒருவர், துபாயிலிருந்து திரும்பி வந்து மெத்தை விரிப்பு விற்கிறார். அவரே போனில் கேட்பார்: “அந்த மித்தத்துலதானே எடுக்குறீங்க? வேற எடம்னா வேணாங்க.” எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. முற்றத்தைத்தான் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வீடு ஆறு பங்காளிகளுக்குச் சொந்தம். எல்லோரும் வெளியூரில். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. வளவு மட்டும் பொது. வருஷத்துக்கு ஒரு முறை, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு எல்லோரும் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் அதே ஊர் முத்தாள்தான் கூட்டிப் பெருக்கி, விளக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. பொதுவான இடத்தில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமானாலும் ஆறு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நான் மிகவும் மதித்தேன். ஆறு பேர் ஒரே விஷயத்துக்குச் சரி என்று சொல்வது நடக்கிற காரியமா?

என்னை உள்ளே விட்டவர் ராம்நாத் சார். பங்காளிகளில் ஒருவர், சென்னையில் என்ஜினீயர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். “தாராளமா வந்து எடுங்க நாகராசு. நாலு பேர் நடமாடினாத்தான் வீடு நிக்கும்” என்றார். வாடகை வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குச் சீப்புச் சீடை கொண்டு வருவார். நல்ல மனிதர். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்தது கிடையாது. இப்போதும் இல்லை.

போன படைப்புக்கு வந்தபோது அவருடைய அம்மா அபிராமி ஆச்சி வளவில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். மழை பெய்து பாசி பிடித்திருந்தது. இடுப்பெலும்பு. வயதானவர்களுக்கு நடப்பதுதான். ராம்நாத் சார் உடனே முடிவு செய்துவிட்டார், வளவுக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடுவது என்று. மழை வராது, பாசி வராது, புறா வராது.

வெளிச்சமும் வராது. அதை அவர் யோசிக்கவில்லை. ஷீட்டுக்குக் கீழே எதை வைத்தாலும் காமாலை வந்த மாதிரி தெரியும். நான் எடுத்துச் சொன்னேன்.

“வெளிச்சம் வரும் நாகராசு, டிரான்ஸ்பரன்ட் ஷீட்தான்” என்றார்.

“அது வெளிச்சம் இல்ல சார். வெளிச்சம் மாதிரி.”

சிரித்தார். “ஒங்க ஃபீலிங் புரியுது. ஆனா ஆத்தா இனிமே இங்க நடக்கணும்ல?”

ஆத்தா வருஷத்தில் இரண்டு நாள் நடப்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவன்.

பங்காளிகளில் கோயம்புத்தூர்க்காரர் வயிரவன் ஒருவர் உண்டு. பழைய பழக்கங்களில் பிடிப்புள்ளவர். அவருக்கு நானே போன் செய்தேன். வளவை மூடிய வீடுகளில் குலம் தழைக்கவில்லை என்று ஒரு ஜோசியர் சொன்னதாகச் சொன்னேன். எந்த ஜோசியரும் சொல்லவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய்தான். அவர் கலங்கிப் போய், கொஞ்ச நாள் மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பிறகு ராம்நாத் சார் வீடியோ காலில் ஆச்சி வாக்கர் பிடித்து நடப்பதைக் காட்டியிருக்கிறார். வயிரவன் அழுதுவிட்டாராம். ஆறாவது சரியும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு செய்வதற்கு என்ன இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்குப் பித்தளைக் கடைக்குப் பொங்கல் வரிசை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய குடம், சொம்பு, இரண்டு குத்துவிளக்கு. முத்தாள் ரேஷன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. போகும்போது, சொம்பின் மேல் ஷர்லி தெளித்து வைத்திருந்த கிளிசரின் துளிகளைப் பார்த்துவிட்டு நின்றது.

“ஏப்பா, இது வேர்க்குதா, அழுவுதா?”

“ஜில்லுனு இருக்கிற மாதிரி காட்டுறோம் அக்கா,” என்றாள் ஷர்லி.

“தண்ணி ஊத்துனா தானா ஜில்லுனு இருந்துட்டுப் போகுது. அதுக்கு மேக்கப்பு வேற. ஒங்கள மாதிரி மேக்கப்பு போட்டுக் காட்டுன மாப்பிள்ளைக்காரங்ககிட்டதான் எங்க சின்னம்மா மக ஏமாந்து போனா” என்று சொல்லிக்கொண்டே போனது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ராம்நாத் சார் உள்ளே வந்தார். மெரூன் நிறச் சட்டை. போன பொங்கலுக்கு ஆச்சி எடுத்துக் கொடுத்ததாம். கையில் அளவு டேப். ஷீட் போடும் ஆட்கள் மறுவாரம் வருகிறார்கள், அளவை மற்றவர்களிடம் விட்டால் தப்பாகிவிடும், நானே எடுத்துவிடுகிறேன் என்றார். என்ஜினீயர் இல்லையா.

நான் ஷர்லியைத் தாமரைப் பூ வாங்கி வரத் திருமயத்துக்கு அனுப்பினேன்.

“பொங்கக் கொடத்துக்கு எதுக்குண்ணே தாமரை? மஞ்சக் கொத்தும் கரும்பும் இருக்கே, பத்தாதா?”

“கடைக்காரர் கேக்குறாரு.”

“அவரு கேப்பாரு, நாளைக்குத் தாஜ்மகால் கேப்பாரு” என்று ஸ்கூட்டியை எடுத்தாள். கடைக்காரர் கேட்கவில்லை. அதை நீங்கள் அவரிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள். ஏன் அனுப்பினேன் என்று கேட்டீர்கள். அப்போது எனக்கே தெரியாது என்று முதலில் சொன்னேன். அது சரியில்லை. தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ராம்நாத் சார் அலுமினிய ஏணியைச் சாத்தி ஓட்டின்மேல் ஏறினார். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. நான் கறுப்புத் துணிக்குள் போய்விட்டேன். இரண்டு படம் எடுத்திருப்பேன். மேற்குச் சரிவின் ஓரத்துக்கு அவர் போனதும் அவர் நிழல் நேராக வந்து குடத்தின்மேல் விழுந்தது.

“சார், நெழல் விழுது,” என்றேன்.

“ஐயோ, சாரி சாரி. முடிஞ்சிருச்சு, எறங்கிர்றேன்” என்றார். எப்போதும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்டுவிடுவார். பிறகு நினைத்ததைச் செய்துவிடுவார்.

ஏணியின் ஒரு கால் என் படத்தின் இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் சுவரில் சாய்த்தேன். படத்தில் வேண்டாத பொருளை எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் அனிச்சையாக நடப்பது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் படியைத் துழாவிக்கொண்டு இறங்கினார். விழுந்தார். கீழே கருங்கல் தளம்.

உங்கள் ஏட்டையாவிடம் அன்று நான் சொன்னது வேறு. பின்கட்டில் வேலையாக இருந்தேன், வந்து பார்த்தபோது விழுந்து கிடந்தார் என்று சொன்னேன். ஓடு சரிந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விபத்து என்று எழுதப்பட்டது. ஆச்சிக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். ஷீட் வேலை நின்றது. அந்தக் குடும்பத்தில் இனி யாரும் அந்த ஓட்டின்மேல் ஏற மாட்டார்கள்.

படங்களைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். மிக நன்றாக வந்திருந்தன. என் வாழ்நாளிலேயே நல்ல படங்கள் என்று சொல்வேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். குடத்தின் இடது வயிற்றில், வளைந்த இரண்டு தூண்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு மெரூன் திட்டு தெரிந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். துடைக்கக் கை போனது. பிறகு விட்டுவிட்டேன். மஞ்சள் நிறத்துக்குப் பக்கத்தில் அந்த மெரூன் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. துடைத்தால் அந்த இடம் செத்துப் போய்விடும். தவிர, லைஃப்ஸ்டைல் படத்தில் துடைப்பதில்லை என்று சொன்னேனே.

கடைப் பக்கத்தில் மக்கள் கருத்து எழுதுவார்கள். ஈரோட்டில் ஒரு அம்மா எழுதியிருந்தார்: “குடம் பரவாயில்லை. கனம் போதாது. படத்தில் குடத்துக்குள் ஒருவர் படுத்திருக்கிறார், ஏன் என்று தெரியவில்லை.” மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே ஒருவர்: “பொங்கல் சாப்பிட்ட களைப்பாக இருக்கும்.” கடையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்து, “சார், பின்னாடி படுத்திருக்கிற மாடல் யாரு? நல்லா இயல்பா இருக்காரு” என்றாள். நான் நன்றி சொன்னேன்.

மூன்றாவதாக ஒரு பையன் எழுதியதைத்தான் ஷர்லி பார்த்திருக்கிறாள். “அடுத்தடுத்த படம் தள்ளிப் பாருங்க. கையைத் தூக்குறார்.”

ஷர்லி தள்ளிப் பார்த்திருக்கிறாள். விரலால் தள்ளத் தள்ள, முதல் படத்தில் கை வயிற்றின்மேல் இருக்கிறது. அடுத்ததில் தரையில் நீட்டியிருக்கிறது. அதற்கடுத்ததில் மேலே தூக்கியிருக்கிறது, என்னைப் பார்த்து. அன்று மாலை தாமரைப் பூவோடு அவள் வாசலில் வந்து நின்றபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் அந்தச் சட்டையைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நிறம் மறக்காது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிதாக்கிப் பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பாதே என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

ஆமாம், மேடம். உயிரோடுதான் இருந்தார். அதைத்தானே நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

நினைவு இருந்தது. முதலில் என் பெயரைச் சொன்னார். காலை அசைக்க முடியவில்லை என்றார். கொஞ்சம் பொறுங்கள் சார் என்றேன். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். வெயில் அப்போது குடத்தின் கழுத்துக்கு வந்திருந்தது, அதற்குப் பிறகு விளக்கின் தண்டு, அதற்குப் பிறகு திரி முகம். அந்த மாதிரி ஒரு நாள் வருஷத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிகம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நடுவில் நிறுத்தினால் திரும்ப வருமா?

தண்ணீர் கேட்டார். சொம்பில் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது செட்டில் இருந்தது. மேலே பூவிதழ் மிதக்கவிட்டு, துளிகளைத் தெளித்து, ஷர்லி மதியமெல்லாம் உட்கார்ந்து அடுக்கியது. ஒரு முறை தூக்கினால் எல்லாம் கலைந்துவிடும். அவளுடைய உழைப்பையும் பார்க்க வேண்டும் இல்லையா? அவர் கையைத் தூக்கியது அந்தச் சொம்பைக் காட்டுவதற்காகத்தான். என்னைப் பார்த்து இல்லை. முன்னால் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்ட இன்னொன்று. ஏணி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் எப்படி முழுப் பாரத்தையும் வைத்துக் காலை இறக்குவார் என்று. அவரும் என்ஜினீயர், முன்ஜாக்கிரதை உள்ளவர் என்று. சரியான கேள்வி. அவர் சட்டென்று இறக்கவில்லை. கால் படியைத் தேடியது, கிடைக்கவில்லை, மேலேயே நின்றுவிட்டது.

“நாகராசு, ஏணி இருக்குல்ல?” என்று கேட்டார்.

நான் ஏணியைச் சாய்த்துவிட்டுக் கேமராவுக்குத் திரும்பி வந்திருந்தேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்தே சொன்னேன்.

“வைங்க சார், பிடிச்சிருக்கேன்.”

சத்தமாகவும் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் நம்பினார். நன்றி என்றுகூடச் சொன்னார் என்று நினைக்கிறேன், பாதியில் நின்றுவிட்டது.

நான் செய்ததற்கு என்ன பெயரோ அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று போட்டிருக்கிறார்கள். முத்தாள்கூட அப்படித்தான் சொல்கிறதாம். அது மட்டும் நியாயம் இல்லை. 108-க்குப் போன் செய்ததே நான்தான், மேடம். கேமராவைப் பையில் வைக்கக்கூட இல்லை. வெளிச்சம் போன அடுத்த நிமிஷமே கூப்பிட்டுவிட்டேன்.